கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஆனால் உலகத்துக்கே ஆம்ப் செய்து கொடுத்தவர்: யார் இந்த லியோ ஃபெண்டர்? வால்வு மாற்றும்போது அவரை ஏன் நினைக்கணும்?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் பங்குனி உத்திரத் தேரோட்டம் என்றால் எங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மைக் செட்தான். மலைமேல் கரும்போடு நிற்கிற முருகனுக்குக் கீழே, தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அந்தக் காலத்து செட்டில் சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. உள்ளே இருக்கிற கண்ணாடிக் குடுவைகள் மெல்லச் சிவக்கணும், சூடேறணும். அரை நிமிஷம் கழித்து ஒரு உறுமல், அப்புறம்தான் பாட்டு.

அந்தக் கண்ணாடிக் குடுவைக்குப் பெயர் வால்வு. அமெரிக்கக்காரர்கள் டியூப் என்பார்கள். டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோவிலிருந்து போனது, மைக் செட்டிலிருந்து போனது, டிவியிலிருந்தும் போனது. ஆனால் ஒரு இடத்தில் இன்னும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்.

இன்றைக்கு வால்வு ஆம்ப் வைத்திருக்கிற ஒரு இளைஞர் கேட்கிற கேள்வி இதுதான்: வால்வு போயிடுச்சு, எதை வாங்கிப் போடறது? இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு பதில். இந்த வால்வு போட்டால் இனிமை, அந்த ரெக்டிஃபையர் போட்டால் பலம் என்று. அந்தப் பதில்களை நம்பி மாற்றியதில் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோன கதைகளும் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை ஒருத்தர் எழுபது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சின்னக் காகிதத்தில் அச்சடித்து, ஆம்ப் பெட்டிக்குள் ஒட்டி வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர் லியோ ஃபெண்டர். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் வால்வு மாற்றும் கதையும் பாதி புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் பிறந்தது 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் ஃபுல்லர்டன், அனஹைம் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அப்பா அம்மாவுக்கு ஆரஞ்சுத் தோட்டம். விவசாயக் குடும்பம்.

எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். பின்னால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது ராணுவத்தில் சேர்க்கப்படாமல் ஊரிலேயே அவர் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

அவருக்கு ஒரு மாமா. வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற கடை வைத்திருந்தார். பையனுக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது பழைய ரேடியோ சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார். அடுத்து மாமாவின் கடைக்கே போன லியோ அங்கே மாமா கையால் செய்த ரேடியோ ஒன்று சத்தமாகப் பாடுவதைப் பார்த்தார். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் படிக்கும்போதே வீட்டில் ஒரு மூலையில் ரேடியோ ரிப்பேர் ஆரம்பமாகிவிட்டது.

ஆனால் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, கணக்கு. ஃபுல்லர்டன் ஜூனியர் கல்லூரியில் கணக்கியல் படித்து, ஐஸ் கம்பெனியில் டெலிவரி வேலைக்குப் போய், அங்கேயே கணக்குப்பிள்ளையானார். 1934-ல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மாகாண நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் வேலை, அப்புறம் ஒரு டயர் கம்பெனியில் கணக்கர் வேலை. பெரும் பொருளாதார மந்தக் காலம் அது. டயர் கம்பெனி வேலை ஆறே மாதத்தில் போய்விட்டது.

வேலை போன கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? 600 டாலர் கடன் வாங்கி 1938-ல் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். இசைக்குழுக்காரர்கள் மைக் செட் வாடகைக்கும் ரிப்பேருக்கும் அவரிடம் வரத் தொடங்கினார்கள். நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ் கடையை மனதில் வைத்துக்கொண்டால் போதும், கிட்டத்தட்ட அதேதான்.

போர்க்காலத்தில் மாற்று வால்வு

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். 1942-ல் போர் காரணமாக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான ரேடியோ தயாரிப்பை அரசு நிறுத்தியது. புது ரேடியோ கிடையாது. வால்வும் ராணுவத்துக்கே முதலில். அதனால் நாடு முழுக்க ரிப்பேர் கடைகளுக்குக் கூட்டம் அலைமோதியது. கேட்ட நம்பர் வால்வு கிடைக்காது. இருக்கிறதில் எது அந்த இடத்தில் பத்திரமாக உட்காரும் என்று கணக்குப் போட்டுப் போடணும். ஹீட்டருக்கு எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் இழுக்கும், எந்தக் காலில் எது இருக்கிறது? இதெல்லாம் தெரியாத ரிப்பேர்காரர் அந்த வருஷங்களில் கடை நடத்த முடியாது.

ஃபெண்டரின் பள்ளிக்கூடம் இதுதான். அவருடைய ஆம்ப்புகள் எல்லாம் ஒரு ரிப்பேர்காரர் மனசிலிருந்து வந்தவை. வால்வு கம்பெனிகள் அச்சிட்ட கையேடுகளில் இருந்த மாதிரிச் சுற்றுகளை எடுத்து, எது உழைக்கும், எது எந்த ஊரிலும் கிடைக்கும், எது மலிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். தொனியின் மாயம் பற்றி இன்றைக்குப் பேசுகிற பேச்செல்லாம் பின்னால் வந்தது.

போர்க்காலத்தில் டாக் காஃப்மன் என்ற கிட்டார் கலைஞரோடு சேர்ந்து 1945-ல் கே அண்ட் எஃப் என்ற பெயரில் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டாரும் சின்ன ஆம்ப்பும் செய்து விற்றார். அடுத்த வருஷமே காஃப்மன் விலகிக்கொண்டார். 1946-ல் ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி பிறந்தது. ஆரம்பத்தில் கையில் காசு நிற்கவே இல்லை. எஸ்தர் டெலிஃபோன் கம்பெனியில் வேலை பார்த்துக் கொண்டுவந்த சம்பளம்தான் பல மாதங்கள் வீட்டைக் காப்பாற்றியது.

அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1951-ல் டெலிகாஸ்டர் என்ற பெயரில் கட்டைக் கிட்டார். அதே வருஷம் பிரிசிஷன் பேஸ். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்றைக்கும் எந்த இன்னிசைக் கச்சேரி மேடையில் கிட்டார் தெரிந்தாலும் அது ஏதோ ஒரு விதத்தில் இவற்றின் வாரிசாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கக்கூடத் தெரியாது. செய்ததை வாசிப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்கிற குறையைக் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

பெட்டிக்குள் ஒட்டிய காகிதம்

கிட்டார் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொண்டு ஆம்ப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால் லியோவின் உண்மையான சாதனை அதில்தான் இருக்கிறது.

பழைய ஃபெண்டர் ஆம்ப்பின் பின்பக்கம் திறந்தே இருக்கும். உலோகத் தட்டு மேலே மாட்டியிருக்கும். வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். சில திருகாணிகளைக் கழற்றினால் மொத்தத் தட்டும் கையில் வந்துவிடும். உள்ளே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஒரு அட்டையில் வரிசையாக, எங்கே எது என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி. சில பெட்டிகளில் உள்ளே ஒரு துண்டு டேப்பில் அதைச் சால்டர் செய்த பெண் தொழிலாளியின் பெயர்கூட எழுதியிருக்கும்.

பெட்டியின் உள்சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எந்த மாடல், எந்தச் சுற்று, எந்த இடத்தில் எந்த வால்வு என்று வரிசையாக அச்சடித்திருக்கும். பலவற்றில் இரண்டு எழுத்து ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். அந்த முத்திரையை வைத்துத்தான் இன்றைக்குப் பழைய ஆம்ப்பின் வயதைச் சொல்கிறார்கள்.

வால்வு மாற்ற நினைக்கிறவர் முதலில் படிக்க வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான். இப்போது மாட்டியிருக்கிற வால்வைப் பார்த்து அதே நம்பரை வாங்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நமக்கு முன்னாடி வைத்திருந்தவர் தப்பான வால்வைச் செருகியிருந்தால்?

நம்பர்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பெயருக்குள்ளேயே விஷயம் இருக்கிறது. அமெரிக்க வால்வில் முதல் எண் ஹீட்டர் வோல்டேஜைச் சொல்லும். 5ஒய்3 என்றால் 5 வோல்ட். 6வி6 என்றால் 6.3 வோல்ட். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து அதைச் சொல்லும். ஜி என்றால் 5 வோல்ட், இ என்றால் 6.3 வோல்ட். இசட் என்ற எழுத்து வந்தால் அது ரெக்டிஃபையர். ஆக ஜிஇசட்34 என்பது 5 வோல்ட் ரெக்டிஃபையர். அமெரிக்காவில் அதற்கே 5ஏஆர்4 என்று பெயர். அதேபோல ஐரோப்பாவின் இசிசி83-தான் அமெரிக்காவின் 12ஏஎக்ஸ்7. கடைக்காரர் வேறு பெயர் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை.

ரெக்டிஃபையர்: இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள்

சுவரில் வருவது மாறுமின்சாரம், ஏசி. வால்வுக்குத் தேவை நேர்மின்சாரம், டிசி. அதுவும் 300, 400 வோல்ட். ஏசியை ஒரே திசையில் போக வைக்கிற வாயில்காப்போன்தான் ரெக்டிஃபையர். பள்ளிப் பாடப்புத்தகம் அலைதிருத்தி என்று சொல்லும். பாட்டு இதன் வழியாகப் போவதே இல்லை. ஆனால் ஆம்ப்புக்குச் சாப்பாடு போடுவது இதுதான்.

ஒவ்வொரு ரெக்டிஃபையர் வால்வும் தன் கூலியாகக் கொஞ்சம் வோல்டேஜை எடுத்துக்கொள்ளும். 5ஒய்3 அதிகபட்சம் 125 மில்லி ஆம்பியர் கொடுக்கும், அந்த அளவில் சுமார் 60 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். ஜிஇசட்34 அப்படியில்லை. 250 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும், விழுங்குவது 17 வோல்ட் போலத்தான். 5யு4ஜிபி 275 மில்லி ஆம்பியர் கொடுக்கும், விழுங்குவது 50 வோல்ட்டுக்குப் பக்கம்.

மூன்றுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு. எட்டுக் கால். எதை வேண்டுமானாலும் எந்தக் குழியிலும் செருகலாம். ஆபத்தே அங்கேதான்.

ஃபெண்டரின் சின்ன ஆம்ப் சாம்ப். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு 5ஒய்3, மொத்தம் மூன்றே வால்வு. இதில் 5ஒய்3-ஐ எடுத்துவிட்டு ஜிஇசட்34-ஐப் போட்டால் ஆம்ப்புக்குள் வோல்டேஜ் இருபது முப்பது வோல்ட்டோ அதற்கு மேலோ ஏறிவிடும். சத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், கேட்கிறவர் சந்தோஷப்படுவார். 6வி6-க்கோ கெப்பாசிட்டருக்கோ அது சந்தோஷம் இல்லை. பழைய கெப்பாசிட்டர் தாங்க வேண்டிய எல்லையைத் தாண்டினால் ஒரு நாள் வெடிக்கும்.

தலைகீழாகச் செய்தால்? ஜிஇசட்34 இருந்த இடத்தில் 5யு4ஜிபி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் குறையும், அது பரவாயில்லை. ஆனால் ஹீட்டரைப் பாருங்கள். ஜிஇசட்34-க்கு 1.9 ஆம்பியர் போதும். 5யு4ஜிபி 3 ஆம்பியர் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரில் அந்த 5 வோல்ட் சுற்று இரண்டு ஆம்பியருக்காகவே சுற்றியிருந்தால், மெல்லச் சூடாகி, ஒரு கச்சேரி நடுவே வாசனை வரும். வால்வுக்குப் போகிற காசு ஒரு பங்கு என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவது பல பங்கு. பழைய ஆம்ப்புக்கு அசல் டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

இன்னொன்றும் உண்டு. 5ஒய்3-யும் 5யு4-ம் சுவிட்ச் போட்ட சில நொடிகளிலேயே உயர் வோல்டேஜைக் கொடுத்துவிடும். ஜிஇசட்34 நிதானமாகச் சூடேறி, மற்ற வால்வுகள் தயாரான நேரத்தில்தான் கொடுக்கும். செட்டிகுளத்து மைக் செட்டின் அந்த அரை நிமிஷக் காத்திருப்பு ஞாபகம் இருக்கிறதா? வால்வு விஷயத்தில் பொறுமை என்பது ஆயுள்.

லியோவே இதில் பல தடவை மனசை மாற்றிக்கொண்டவர்தான். பேஸ் கிட்டாருக்காக 1952-ல் வந்த பேஸ்மேன் ஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் நடுவில் அதில் 5யு4 ரெக்டிஃபையர் இரண்டு போட்டார். பிறகு சிறிது காலம் உள்ளே பாதரச ஆவி இருக்கிற, நீலமாக ஒளிரும் 83 என்ற வால்வு. கடைசியாக 1958 வாக்கில் ஜிஇசட்34. நான்கு பத்து அங்குல ஸ்பீக்கரோடு வந்த அந்த வடிவம்தான் உலகத்திலேயே அதிகம் காப்பியடிக்கப்பட்ட கிட்டார் ஆம்ப்களில் ஒன்று. ஒவ்வொரு தடவை ரெக்டிஃபையர் மாறும்போதும் அதைச் சுற்றியிருந்த சுற்றையும் சேர்த்தே மாற்றினார் என்பதைக் கவனிக்கணும். நாம் குழியில் செருகுவதை மட்டும் மாற்றுகிறோம், அவர் அப்படிச் செய்யவில்லை.

காது கிழியும் சத்தம் கேட்ட இளைஞன்

1960 வாக்கில் டிக் டேல் என்ற இளம் கிட்டார்காரர் லியோவின் ஆம்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக்கொண்டிருந்தார். உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஸ்பீக்கர் கிழிந்து புகை வந்தது. ஏன் இவ்வளவு சத்தமாக வாசிக்கணும் என்று லியோவுக்குப் புரியவில்லை. ஒரு நாள் தன் உதவியாளர் ஃப்ரெடி தவாரஸோடு கடற்கரையோர நடன அரங்குக்கே போய்ப் பார்த்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆடுகிற கூட்டத்தில் ஆம்ப் சத்தம் எப்படித் தொலைந்துபோகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதிலிருந்து பிறந்தது ஷோமேன் ஆம்ப். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், நான்கு பவர் வால்வு, பதினைந்து அங்குல ஸ்பீக்கர்.

இந்தப் பெரிய ஆம்ப்புகளில் லியோ ரெக்டிஃபையர் வால்வையே தூக்கிவிட்டு சிலிக்கான் டயோடு போட்டார். 1963-ல் வந்த புகழ்பெற்ற ட்வின் ரிவெர்ப்பிலும் அப்படித்தான். அதன் தம்பி டீலக்ஸ் ரிவெர்ப்பில் மட்டும் ஜிஇசட்34 இருந்தது. டயோடு சூடாகாது, உடையாது, வோல்டேஜை விழுங்காது. பலமாக மீட்டினாலும் தளராது. ரெக்டிஃபையர் வால்வு உள்ள ஆம்ப்பில் ஓங்கி மீட்டினால் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி ஏறும், சத்தம் ரப்பர் மாதிரி அமுங்கி எழும். இன்றைக்கு அந்த அமுங்கலுக்காக ரசிகர்கள் உயிரை விடுகிறார்கள். நாட்டுப்புற மேற்கத்திய இசையின் சுத்தமான ஒலியை விரும்பிய லியோவுக்கு அது சரிசெய்ய வேண்டிய ஒரு குறை. வேடிக்கைதான்.

இப்போது வால்வுக் குழியிலேயே செருகுகிற மாதிரி டயோடு வைத்த மாற்றுகள் கிடைக்கின்றன. வெறும் டயோடு மட்டும் இருந்தால் வோல்டேஜ் எகிறும், காத்திருப்பும் இருக்காது. பழைய வால்வின் வோல்டேஜ் இறக்கத்தை ஈடுகட்ட உள்ளே ரெசிஸ்டர் வைத்தவையும் உண்டு. வாங்கும்போது எந்த வால்வுக்குப் பதில் என்று கேட்டு வாங்கணும்.

லண்டனில் ஒரு மாற்று

வால்வை மாற்றினால் ஆம்ப்பே எப்படி வேறு ஆளாக மாறும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சம்பவமே இருக்கிறது. 1962-ல் லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் பேஸ்மேன் ஆம்ப்பை வைத்து அப்படியே ஒன்று செய்தார்கள். அமெரிக்கச் சாமான் இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் உள்ளூரில் கிடைத்ததைப் போட்டார்கள். முதல் படியில் லியோ போட்ட 12ஏஒய்7-க்குப் பதில் இசிசி83. பவர் வால்வு முதலில் அமெரிக்க 5881, பிறகு பிரிட்டிஷ் கேடி66, அப்புறம் இஎல்34. ஸ்பீக்கரும் வேறு. கர்ஜிக்கிற ராக் இசை அந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

12ஏஒய்7 ஒலியைப் பெருக்குவது சுமார் 44 மடங்கு. 12ஏஎக்ஸ்7 100 மடங்கு. 12ஏடி7 60 மடங்கு. கால் அமைப்பு ஒன்றுதான். சத்தம் சீக்கிரம் உடைகிறது என்று நினைப்பவர் முதல் குழியில் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு 12ஏஒய்7 போட்டுப் பார்க்கலாம். ஆம்ப்பில் பெரிய ஆபத்து இல்லாமல், கையைச் சுட்டுக்கொள்ளாமல் பரிசோதனை செய்யக்கூடிய இடம் இந்தச் சின்ன வால்வுகள்தான்.

பவர் வால்வில் அந்தச் சுதந்திரம் கிடையாது. 6எல்6 ஹீட்டர் 0.9 ஆம்பியர் இழுக்கும். இஎல்34 1.5 ஆம்பியர். காலின் இணைப்பிலும் வித்தியாசம் உண்டு. 6எல்6 குழியில் இஎல்34-ஐச் செருகுவதற்கு முன் வயரிங்கும் டிரான்ஸ்ஃபார்மரும் பார்க்கணும். 6எல்6ஜிசி 30 வாட் சூட்டைத் தாங்கும், பழைய 5881 23 வாட்தான் தாங்கும், 6வி6 12 வாட். ஒரே நம்பரையே திரும்பப் போட்டாலும், பெரிய ஆம்ப்களில் பயாஸ் என்கிற அளவைச் சரிபார்க்கணும். சும்மா இருக்கும்போது வால்வு வழியாக எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதுதான் பயாஸ். அதிகமானால் தகடு சிவந்து வால்வு சாகும், குறைந்தால் ஒலி சவசவ என்று இருக்கும். ஜோடியாகப் போடுகிற வால்வுகள் ஒரே அளவு கரண்ட் இழுப்பவையா என்று அளந்து, ஜோடி சேர்த்தே விற்பார்கள். அதைத்தான் வாங்கணும்.

லியோவும் விதிகளை மீறினார் என்பதையும் சொல்லிவிடணும். டீலக்ஸ் ரிவெர்ப்பில் 6வி6-க்கு அவர் கொடுத்த வோல்டேஜ் 400-க்கு மேல். வால்வுக் கம்பெனி அச்சிட்ட எல்லையைவிட ரொம்ப அதிகம். அந்தக் கால அமெரிக்க வால்வு தாங்கியது. இன்று வருகிற எல்லா 6வி6-ம் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு என்று சொல்லியே கேட்டு வாங்கணும்.

பெயரையும் விற்றவர்

ஐம்பதுகளிலிருந்தே லியோவைக் கடுமையான சைனஸ் தொற்று வாட்டியது. ரொம்ப நாள் இருக்க மாட்டோம் என்றே நம்பிவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முந்தைய வருஷம் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பெரும்பங்கை அதே சிபிஎஸ் 1.12 கோடிக்கு வாங்கியிருந்தது. நாட்டின் பெரிய விளையாட்டு அணியைவிட ஒரு ரிப்பேர்காரரின் கம்பெனிக்கு விலை அதிகம்.

பிறகு வேறு மருத்துவரிடம் போனார், குணமாகிவிட்டது. ஆனால் கம்பெனி போனது போனதுதான். அதோடு பெயரும் போய்விட்டது. ஃபெண்டர் என்ற தன் சொந்தப் பெயரை ஒரு கிட்டாரில்கூட இனிமேல் அவர் போட முடியாது. புதிய நிர்வாகம் செலவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டியது. அதனால்தான் பழைய ஆம்ப் சந்தையில் 1965-க்கு முன்னா, பின்னா என்ற கேள்வி இன்றும் விலையைத் தீர்மானிக்கிறது. இது கொஞ்சம் மிகையான பிரிப்பு என்பது என் அபிப்பிராயம். சிபிஎஸ் காலத்து ஆரம்ப வருஷ ஆம்ப்புகள் பலவற்றில் உள்ளே இருப்பது லியோவின் சுற்றேதான்.

போட்டியில் இறங்கக் கூடாது என்ற ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 1975-ல் மியூசிக் மேன் கம்பெனிக்குத் தலைவரானார். அதன் ஆம்ப்களில் முன்பகுதி டிரான்சிஸ்டர், பின்பகுதி வால்வு. 1979-ல் எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். அதையடுத்து பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல் கம்பெனியைத் தொடங்கினார். ஃபெண்டர் கம்பெனியை 1985-ல் அதன் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் 1.25 கோடி டாலருக்கு சிபிஎஸ்ஸிடமிருந்து மீட்டார்கள். இருபது வருஷம் முன்பு விற்ற விலையைவிடக் குறைவு.

இன்று நமக்கு வால்வு எங்கிருந்து வருகிறது?

இந்தியாவும் ஒரு காலத்தில் வால்வு செய்த நாடுதான். பெங்களூருவில் இருக்கிற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அதாவது பெல், ஹாலந்தின் பிலிப்ஸ் ஒத்துழைப்போடு ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. நம்ம வீட்டு வால்வு ரேடியோக்களில் இருந்த இஎல்84, இசிசி83 எல்லாம் கிட்டார் ஆம்ப்பிலும் அப்படியே உட்காரும். அதனால் பெல் முத்திரை போட்ட பழைய வால்வுகளை வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளின் பரணில் தூசி படிந்த அட்டைப்பெட்டி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்று உலகம் முழுக்க வால்வு செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளே. ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனாவில் சில. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வால்வு ஏற்றுமதி நிற்கிறது என்ற செய்தி வந்ததும் கடைகளில் விலை தாறுமாறாக ஏறியது. ஏற்றுமதி பிறகு தொடங்கினாலும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால் தப்பாக ஒரு தடவை வாங்கினால் கையைக் கடிக்கும்.

நம்ம ஊருக்கு என்று இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வருகிற ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம்மிடம் 230. இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. செட்டிகுளம் மாதிரி வயல்வெளி மோட்டார்கள் ஓடுகிற ஊர்களில் மாலையில் வோல்டேஜ் தாழும், நள்ளிரவில் எகிறும். ஹீட்டர் வோல்டேஜும் கூடவே ஏறி இறங்கும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் எந்த நல்ல வால்வும் சீக்கிரம் செத்துவிடும். விலையுயர்ந்த ரெக்டிஃபையரைத் தேடுவதற்கு முன் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வால்வு ஆம்ப்பில் அதைச் செய்யவே கூடாது. ரெக்டிஃபையர் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் முதலில் போக வேண்டியது ஃபியூஸ்தான். அதைப் போகவிடாமல் கட்டிப்போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

கடைசியாக உயிர் விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கும். வெளியிலிருந்து வால்வைக் கழற்றி மாட்டுவது, ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டால், யாரும் செய்யக்கூடிய வேலை. தட்டைக் கழற்றி உள்ளே கைவைப்பது, பயாஸ் பார்ப்பது இரண்டும் வேலை தெரிந்தவருக்கு மட்டும். பழைய வால்வு ரேடியோ, வால்வு டிவி பார்த்த மெக்கானிக் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள். கிட்டார் தெரியாது என்பார். லியோவுக்கும் தெரியாது.

கடைசி நாட்கள்

வயதான காலத்தில் லியோவுக்குப் பார்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது, பேச்சு குறைந்தது. ஜி அண்ட் எல் பட்டறைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. 1991 மார்ச் 20-ம் தேதியும் வேலைக்குப் போனார். மறுநாள் ஃபுல்லர்டன் வீட்டில் இறந்தார். வயது 81. அடுத்த வருஷம் ராக் அண்ட் ரோல் இசைக் கலைஞர்களுக்கான புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஃபுல்லர்டனில் அவர் உட்கார்ந்து வேலை பார்த்த பட்டறை அறையை ஜி அண்ட் எல் கம்பெனிக்காரர்கள் கலைக்காமல் வைத்தார்கள். மேஜையும் கருவிகளும் அவர் எழுந்துபோன அன்றைக்கு இருந்த மாதிரியே விடப்பட்டன.